'ஸ்டாக்கர்' படத்தில் மனைவியாக வருபவர் யார்?

கேள்வி: தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) நேற்று பார்த்தேன். கடைசியில் நாயகனின் மனைவி சிகரெட் பற்றவைத்து, நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறாரே, மனசை என்னவோ செய்துவிட்டது. யார் அவர்?

பதில்: அலிசா ஃபிரெய்ண்ட்லிக். 1934-இல் லெனின்கிராடில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை அந்த நகரை முற்றுகையிட்ட காலப் பட்டினியைச் சிறுவயதிலேயே பார்த்தவர். 1977-இல் வந்த 'அலுவலகக் காதல்' கட்டாயம் பாருங்கள். அதில் புள்ளியியல் அலுவலகத்தின் கறாரான மேலதிகாரி. நடை, தோள், பார்வை எல்லாமே விறைப்பு. அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதை முகத்திலேயே காட்டுவார். எனக்கு அலுக்கவே அலுக்காத நடிப்பு.

பதில்: சினிமாவைவிட மேடையில்தான் அவர் அதிகம் வாழ்ந்தார். 1961 முதல் லெனின்கிராடின் லென்சோவெட் நாடகத் தியேட்டர். அங்கே சின்னப் பையனாகக்கூட நடித்திருக்கிறார். 1983-இல் நாடக இயக்குநர் தோவ்ஸ்தோனோகோவ் அழைத்து, அதே நகரின் போல்ஷோய் நாடக அரங்குக்குப் போனார். 'ஸ்டாக்கர்' கடைசியில் அவ்வளவு நீளமான பேச்சை அசராமல் தாங்கியது மேடைப் பழக்கம்தான் என்பேன்.

கேட்டவர்: சரி, முதலில் 'அலுவலகக் காதல்'. நன்றி!