பாறை ஓவியத்துக்கு வயது பார்க்க என்ன வழி?

காந்தளூர்ப் பையன்:
கேரளத்தின் மறையூர்ப் பக்கம் முதுவர் பழங்குடியினரின் குடியிருப்பு (குடி என்பார்கள்) ஒன்றுக்கு மேலே, பாறை இடுக்கில், செங்காவியில் வரைந்த மான்களும் ஆட்களும் இருக்கின்றன. மறையூரின் பெயர்பெற்ற ஓவியப் பாறையான எழுத்தளை அளவுக்குப் பெரிது இல்லை. எம்.ஏ. வரலாற்று ஆய்வேட்டுக்கு எடுக்கலாமா என்று யோசனை. கூடப் படிப்பவன் ஒருவன், கொஞ்சம் சாயத்தைச் சுரண்டி கார்பன் சோதனைக்கு அனுப்பினால் வயது வந்துவிடும் என்கிறான். குடியின் தலைவரான காணியிடம் பேச்சைத் தொடங்கினேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, "மழை நிற்கட்டும்" என்றார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

மண்குளவி:
தயவுசெய்து சுரண்டாதீர்கள். காவி என்பது இரும்பு ஆக்சைடு, அதில் கார்பனே கிடையாது, படம் போனதுதான் மிச்சமாகும். கரியில் வரைந்திருந்தால் கதை வேறு. இந்தோனேசியாவின் சுலவேசியில் ஓவியத்தின் மேல் படிந்த சுண்ணாம்புப் படிவை யுரேனிய முறையில் அளந்துதான் ஒரு காட்டுப்பன்றிக்குக் குறைந்தது 45,500 ஆண்டு என்றார்கள். அங்கே சுண்ணாம்புப் பாறை, நம் மலையில் அதற்கு வழி இல்லை.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் செய்தது. பலங்காரா பழங்குடியினரோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் ஓவியத்தைத் தொடவில்லை, மண்குளவிக் கூட்டைத்தான் எடுத்தார்கள். காட்டுத்தீயின் கரித்துகள் அந்தச் சேற்றில் கலந்திருக்கும், அதில் கார்பன் உண்டு. இரண்டு மீட்டர் நீளக் கங்காரு ஒன்றுக்கு அடியில் மூன்று கூடு, மேலே மூன்று கூடு. அடியில் இருப்பதைவிட ஓவியம் இளையது, மேலே இருப்பதைவிட மூத்தது, அவ்வளவுதான் கணக்கு. 17,500-க்கும் 17,100-க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் என்று வந்தது. 2021-இல் வெளியானது.

வாளையார் வாசி:
ஒரு சந்தேகம். முதுவர்களே தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியானால் படம் அவர்கள் வரைந்ததாக இருக்காதே. வனத்துறை அனுமதி போதாதா?

சின்னாறு அக்கா:
தம்பி, உங்கள் வீட்டுக் கிணற்றைத் தோண்டியவர் யாரோ, ஆனால் தண்ணீர் சேந்த வருகிறவன் உங்களைக் கேட்டுத்தானே வாளியை இறக்குவான்? வனத்துறை அனுமதி கட்டாயம், மாதிரி எடுப்பதானால் தொல்லியல் துறையும் உண்டு. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் காட்டையும் பண்பாட்டுச் சொத்தையும் காக்கும் பொறுப்பைக் கிராமசபைக்கும் கொடுத்திருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், எந்தப் பாறையில் எந்த மாதம் நீர் கசியும், குளவி எங்கே கூடு கட்டும், கடைசியாக எப்போது தீ பிடித்தது, இதெல்லாம் தெரிந்தவர்கள் குடியில்தான் இருக்கிறார்கள்.

காந்தளூர்த் தம்பிக்கு: "மழை நிற்கட்டும்" என்றால் பெரும்பாலும் மழை நிற்கட்டும் என்றுதான் அர்த்தம். அட்டை, வழுக்கல், யானை. முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள். இடத்தின் பெயரையும் வரைபடத்தையும் ஆய்வேட்டில் போடலாமா என்று அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். எங்கள் பக்கம் ஒரு படம் இருப்பிடத்தோடு பரவி, அடுத்த கோடையிலேயே மான் வயிற்றில் காதலர் பெயர் எழுதிவிட்டார்கள், பெயிண்டில்.

காந்தளூர்ப் பையன்:
சரி அக்கா. சுரண்டும் யோசனைக்கு அன்றே முழுக்கு. இடத்தை இங்கேயும் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். மழை விட்டதும் போய், குளவிக்கூடு இருக்கிறதா என்று காணியிடமே கேட்கிறேன், வயது பார்க்க வந்தவன் குளவியைத் தேடுகிறானே என்று சிரிப்பார், சிரிக்கட்டும்.