முழங்கால் தேய்மானம்: பயிற்சி செய்தால் வலி உண்மையிலேயே குறையுமா?

கேள்வி:
வயது 56. வலது முழங்காலில் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். படி ஏறுவதைக்கூடச் சமாளித்துவிடுவேன். இறங்கும்போதுதான் கைப்பிடியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குகிறேன். தொடைத் தசைக்குப் பயிற்சி தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. செய்த அன்று ராத்திரி வலி கொஞ்சம் கூடுகிறது. தேய்ந்த மூட்டை நானே இன்னும் தேய்க்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. ஆய்வுகள் என்னதான் சொல்கின்றன?

பதில் 1:
நான் பிசியோதெரபிஸ்ட். பலன் உண்டு, ஆனால் அளவானதுதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் தொகுப்பாய்வு 2024-இல் வந்தது; அது 139 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வலியை நூற்றுக்கு அளந்தால், சிகிச்சையே எடுக்காதவர்களைவிடப் பயிற்சி செய்தவர்களுக்கு ஏறக்குறைய 13 புள்ளி குறைவு. பெயருக்கு ஒரு சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் 9 புள்ளிதான். என்னிடம் வருகிறவர்களிடம் இதை நான் மறைப்பதில்லை. வலி முழுசாகப் போய்விடும் என்று நம்பி வந்தவர்கள்தான் மூன்றாவது, நான்காவது வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தசை வலுப்பெற இரண்டு மூன்று மாதம் வேண்டும்.

ராத்திரி வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் பயப்படாதீர்கள், அது மூட்டு தேய்கிற அறிகுறி இல்லை. அடங்கவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். முட்டி வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 2:
எனக்கும் இதே முட்டிதான். கனமான எடை தூக்கினால்தான் பலன் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அவஸ்தைப்பட்டேன். அப்புறம்தான் 2021-இல் வந்த ஒரு ஆய்வைப் படித்தேன்: 377 பேர், 18 மாதம். கனமான எடையோடு செய்தவர்களுக்கும் குறைந்த எடையோடு செய்தவர்களுக்கும் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது என்னால் விடாமல் செய்ய முடிகிற அளவுதான் செய்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
ஊசி போட்டுக்கொண்டால் சீக்கிரம் சரியாகும் என்கிறார்களே?

பதில் 1:
ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வந்தது, 156 பேர். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பிசியோதெரபி எடுத்தவர்களுக்குத்தான் வலியும் சிரமமும் குறைவு. பயிற்சி பலன் தருகிறதா என்று தெரிய ஒன்று செய்யுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்று இன்றைக்கே எண்ணி எழுதி வையுங்கள். வலி தினமும் மாறும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இப்போதுதான் செய்து பார்த்தேன். ஆறு முறை. ஏழாவதில் கை தானாக நாற்காலிக்குப் போய்விட்டது. தேதி போட்டு எழுதிவிட்டேன்.