வீட்டோடு இருப்பவர்களுக்கு ஆராதனை லைவ்: எங்கே தொடங்குவது?

கடைசிவரிசை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை சின்னது, ஞாயிறு ஆராதனைக்கு 120 பேர் வந்தால் அதிகம். வழக்கமாக வந்தவர்களில் 9 பேர் இப்போது வீட்டோடு இருக்கிறார்கள். இரண்டு பேர் படுத்த படுக்கை, ஒருவருக்கு டயாலிசிஸ், மற்றவர்களுக்குப் படியேற முடியாத வயது. இவர்களுக்காக லைவ் போடலாம் என்று கமிட்டியில் முடிவாகி, 'நீதான் கம்ப்யூட்டர் தெரிந்தவன்' என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் எக்ஸெல்லோடு முடிந்துவிடும்.

போன ஞாயிறு போனை ஸ்டாண்டில் மாட்டிக் கடைசி வரிசையில் வைத்தேன். போனிலிருந்து லைவ் போக குறைந்தது 50 சப்ஸ்கிரைபர் வேண்டும் என்று யூடியூப் சொல்லிவிட்டது, எங்கள் சேனலில் இருப்பது 11. ஆராதனை தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது, அவசரத்துக்கு வாட்ஸ்அப் வீடியோ காலில் எல்லோரையும் சேர்த்தேன். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வந்ததாம், பிரசங்கத்தில் பாதி மின்விசிறிச் சத்தமாம். ஒரு பாட்டி மட்டும் 'நன்றாகத்தான் இருந்தது தம்பி' என்றார், அப்புறம் விசாரித்தால் அவர் அழைப்பையே எடுக்கவில்லை.

இப்போது கமிட்டியில் பெரிய கேமரா வாங்கலாம் என்று பேச்சு. என்ன கேமரா வாங்குவது? பாட்டுக்குக் காப்புரிமைத் தொல்லை வருமா? இன்னொன்று, மூப்பர் ஒருவர், சபை கூடிவருதலை விட்டுவிடக்கூடாது என்று சொல்லும் எபிரெயர் 10:25-ஐக் காட்டி, லைவ் வந்துவிட்டால் நடக்க முடிந்தவனும் வீட்டில் சாய்ந்துகொண்டு பார்ப்பான் என்கிறார். அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிற மாதிரியும் படுகிறது.

மிக்சர்மேசை

கேமரா வாங்காதீர்கள். குறைந்தது இப்போதைக்கு வேண்டாம். படம் மங்கலாக இருந்தால் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் மூன்றாவது நிமிடம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அதிலும் நீங்கள் சொல்லும் 9 பேரில் எத்தனை பேருக்குக் காது சரியாகக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் போன் செய்த தப்பு இரண்டு. ஒன்று, தூரம். கடைசி வரிசையிலிருந்து மைக் பிடித்தால் போதகரின் குரலோடு சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும் சேர்ந்தே வரும், எவ்வளவு விலையுயர்ந்த கேமராவை அங்கே வைத்தாலும் இதே கதைதான். இரண்டாவது, வீடியோ கால் செயலிகள் எல்லாம் பேச்சுக்காகச் செய்தவை, ஆர்கனையும் கூட்டுப் பாட்டையும் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். ஜூமில் அமைப்புக்குள் போய் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட்டால் அந்த அமுக்கல் நிற்கும், ஆனால் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும், பிரசங்கம் அப்போதுதான் சூடுபிடித்திருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். எல்லா மைக்கும் வந்து சேரும் மிக்சரில் ஆக்ஸ் என்று ஓர் அவுட் இருக்கும், அதிலிருந்து ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மிக்சர் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் சின்னப் பெட்டி) வழியாக லேப்டாப்புக்குச் சத்தத்தை எடுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் மெயின் அவுட்டை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். எல்லோரும் முதலில் விழும் குழி அது. டிரம்ஸும் சபையார் பாடுவதும் ஹாலில் தாமாகவே உரக்கக் கேட்பதால் ஸ்பீக்கரில் அவற்றைக் குறைவாகத்தான் வைத்திருப்போம், மெயின் அவுட்டை லைவுக்குக் கொடுத்தால் போதகர் ஒரு காலி அறையில் தனியாகப் பாடுகிற மாதிரி இருக்கும். ஆக்ஸில் லைவுக்கென்று தனி அளவு வைத்துக்கொள்ளலாம். அதோடு, சபையாரை நோக்கி ஒரு மைக் வைத்து அதை ஆக்ஸுக்கு மட்டும் அனுப்புங்கள், ஸ்பீக்கருக்கு விட்டால் கூவும். பாடும்போது அதைக் கொஞ்சம் ஏற்றி, பிரசங்கத்தில் இறக்கிவிட ஒருவர் கையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

லேப்டாப்பில் ஓபிஎஸ் ஸ்டுடியோ போடுங்கள், படத்தையும் சத்தத்தையும் சேர்த்து யூடியூபுக்கு அனுப்பும் மென்பொருள், இலவசம்தான். லேப்டாப்பிலிருந்து யூடியூப் லைவ் போக அந்த 50 சப்ஸ்கிரைபர் கணக்கெல்லாம் கிடையாது. ஆனால் போன் எண்ணைச் சரிபார்த்து லைவ் வசதியை முதல்முறை திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், ஞாயிறு காலையில் உட்கார்ந்து அழாதீர்கள், வெள்ளிக்கிழமையே செய்துவிடுங்கள். படத் தெளிவு 720பி போதும், அனுப்பும் வேகம் (பிட்ரேட்) வினாடிக்கு 4 மெகாபிட். உங்கள் அப்லோட் வேகம் அதைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். டவுன்லோட் வேகத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. வைஃபையை நம்பாமல் கேபிள் இழுங்கள், ஏனென்றால் ஆராதனை தொடங்கியதும் அதே வைஃபையில் 60 போன்கள் ஏறும்.

கேமராவை இணைத்த பிறகு உதடு ஒரு நேரம், சத்தம் ஒரு நேரம் என்று வரும். கேமராவை லேப்டாப்போடு இணைக்கும் கேப்சர் கார்டு வழியாக வரும் படம் கொஞ்சம் பிந்தி வரும், சத்தம் முந்திவிடும். ஓபிஎஸ்ஸில் ஆடியோவுக்கு 'சிங்க் ஆஃப்செட்' என்று மில்லிசெகண்டில் ஓர் எண் கொடுக்கலாம். ஒருவரைக் கேமரா முன் நிறுத்திக் கைதட்டச் சொல்லிப் பதிவு செய்து பார்த்துச் சரிசெய்யுங்கள்.

ஒரு கிளைக்கதை. வானொலியில் முதல் ஆராதனை ஒலிபரப்பானது 1921 ஜனவரி 2, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து கால்வரி எபிஸ்கோப்பல் ஆலயத்திலிருந்து. கேடிகேஏ நிலையம். அன்று வந்த டெக்னீஷியன்களுக்குப் பாடகர் குழுவின் அங்கியைப் போட்டுவிட்டார்களாம், சபையாரின் கவனம் சிதறக்கூடாது என்று. நீங்கள் அங்கி போட வேண்டாம், ஆனால் ஜெப நேரத்தில் கேபிளைச் சரிசெய்ய நடுவழியில் குனிந்து ஓடாதீர்கள்.

பழையபாமாலை

காப்புரிமை பற்றி மட்டும் சொல்கிறேன். ஆலயத்துக்குள் ஆராதனையில் பாடுவதும் அதை இணையத்தில் அனுப்புவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. உதாரணத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில் வழிபாட்டு இடத்தில் நடக்கும் ஆராதனையில் பாட விலக்கு உண்டு, அந்த விலக்கு ஒளிபரப்புக்கு நீளாது. அதனால்தான் சபைகளுக்குப் பாட்டு உரிமம் தரும் சிசிஎல்ஐ போன்ற அமைப்பு பாட்டு வரிகளுக்கு ஓர் உரிமமும் ஸ்ட்ரீமிங்குக்கு வேறோர் உரிமமும் தருகிறது. உங்கள் நாட்டில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பாமாலைகள் பெரும்பாலும் பிரச்சினையில்லை. ஆனால் வரி பழையதாக இருந்து மொழிபெயர்ப்போ இசையமைப்போ புதியதாக இருக்கலாம், அதைப் பாருங்கள். காணிக்கை நேரத்தில் யாரோ வெளியிட்ட ஒலிப்பதிவைப் போட்டுவிடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், யூடியூபின் தானியங்கிச் சோதனையில் முதலில் மாட்டுவது அதுதான். 'உரிமை கோரல்' என்று மெயில் வந்தால் பதற வேண்டாம், அது ஸ்ட்ரைக் (விதிமீறலுக்கான எச்சரிக்கை) இல்லை. உங்களிடம் உரிமம் இருந்தாலோ பாட்டு பொதுச்சொத்தாக இருந்தாலோ மறுப்பு அனுப்பலாம். ஸ்ட்ரைக் வேறு, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும்.

சாய்வுக்கட்டில்

நான் கேமராவுக்கு அந்தப் பக்கம் இருப்பவள். முதுகுத்தண்டு அறுவைக்குப் பிறகு இரண்டு வருஷமாக ஆலயத்துக்குப் போகவில்லை, என் சபை லைவில்தான் ஞாயிறு கழிகிறது. மேலே சொன்ன டெக்னிக்கல் எல்லாம் சரி, எனக்கு வேண்டியது வேறு சில விஷயங்கள்.

ஆராதனை தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே லைவைத் திறந்துவிடுங்கள். எங்கள் சபையில் முதலில் கவுண்ட்டவுன் எண்கள் ஓடும், பின்னணியில் இசை, சரியாக நேரத்துக்குத் திரை திறக்கும். அழகாகத்தான் இருந்தது. ஒரு நாள் யாரோ மறந்துபோய் முன்கூட்டியே திறந்துவிட்டார்கள். நாற்காலி இழுக்கும் சத்தம், பிள்ளைகள் ஓடுவது, பாடகர் குழு ஒரே வரியை நாலு தடவை தப்பாகப் பாடிப் பார்ப்பது, எனக்குப் பக்கத்து இருக்கையில் எப்போதும் உட்காரும் அக்காவின் இருமல். அந்த இருமலைக் கேட்டு நான் அழுதேன் என்றால் சிரிப்பீர்கள்.

இன்னொன்று, லிங்க். ஒவ்வொரு வாரமும் புது லிங்க் அனுப்புவார்கள், அது குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் எங்கேயோ போய்விடும். எனக்கே தேட வேண்டியிருக்கிறது, 80 வயதுக்காரர் என்ன செய்வார்? ஒவ்வொரு வீட்டுக்கும் யாராவது ஒரு முறை நேரில் போய், டிவியிலோ போனிலோ ஒரே தட்டில் திறக்கிற மாதிரி வைத்துக் கொடுத்து, அவர்களையே திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பேச்சில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'இப்போது எல்லோரும் எழுந்து நிற்போம்' என்கிறபோது நான் எங்கே நிற்பது? 'முடிந்தவர்கள் எழுந்து நிற்போம், வீட்டிலிருந்து சேர்ந்திருப்பவர்கள் அப்படியே இருங்கள்' என்று எங்கள் போதகர் ஒரு நாள் கேமராவைப் பார்த்துச் சொன்னார். பாட்டு எண்ணையும் வேத வசனத்தையும் திரையில் பெரிய எழுத்தில் போடுங்கள். லைவுக்குக் கீழே நாங்கள் எழுதும் சாட் பகுதியை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், நான் ஒரு ஜெப விண்ணப்பம் எழுதினேன், மூன்று வாரம் கழித்து 'ஓ, இப்போதுதான் பார்த்தோம்' என்றார்கள்.

அப்புறம் ஆசீர்வாதம் முடிந்த அடுத்த நொடியே வெட்டிவிடாதீர்கள். நீங்கள் எல்லோரும் கைகுலுக்கிப் பேசப் போகிறீர்கள், எனக்கு மட்டும் 'ஸ்ட்ரீம் முடிந்தது' என்று கறுப்புத் திரை.

கைவிளக்கு

கடைசிவரிசை, மூப்பரோடு சண்டை போட வேண்டாம், அவர் பயப்படுவது நடக்கத்தான் செய்கிறது. எங்கள் சபையில் பொதுவாகத் திறந்து போட்டோம், வேலை களைப்பு, மழை என்று ஆட்கள் வீட்டிலிருந்தே 'சேர' ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் முன்வரிசை காலி. பிறகு 'பட்டியலிடப்படாத' வீடியோவாக மாற்றி, லிங்க்கை வர முடியாதவர்களுக்கு மட்டும் கொடுத்தோம், சனிக்கிழமை இரவோடு போன வாரத்து வீடியோவை எடுத்துவிடுகிறோம். லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம் என்பதால் அது பூட்டு இல்லை, வெறும் திரைச்சீலைதான். ஆனாலும் போதுமானதாக இருக்கிறது.

மூப்பரிடம் வேறு ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். சுமார் கி.பி. 155-இல் ஜஸ்டின் என்ற மறைசாட்சி ஞாயிறு கூடுகையை விவரித்து எழுதியிருக்கிறார், அதில் திருவிருந்தை வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று வருகிறது. வர முடியாதவனையும் கூடுகைக்குள் கணக்கு வைப்பது அவ்வளவு பழைய பழக்கம். அதே சமயம் அங்கே போனது ஓர் ஆள், வயர் இல்லை. நாங்கள் லைவ் தொடங்கிய முதல் வருஷம் செய்த பெரிய தப்பு இதுதான், 'அவர்தான் லைவ் பார்க்கிறாரே' என்று வீட்டுக்குப் போய்ச் சந்திப்பது தானாகக் குறைந்துவிட்டது. யாரும் முடிவெடுத்து நிறுத்தவில்லை.

ஜெப விண்ணப்பங்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே? நாலு சுவருக்குள் 'இன்னாருக்குப் புற்றுநோய், இன்னார் வீட்டில் குடிப்பிரச்சினை, ஜெபியுங்கள்' என்று பெயர் சொல்வது வழக்கம். லைவில் அது இணையத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் சத்தத்தை நிறுத்துங்கள், அல்லது பெயர் சொல்லாமல் ஜெபியுங்கள். சாட்சி சொல்ல வருகிறவர்களிடமும் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகள் முன்னால் வந்து பாடும்போது பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும், படம் வேண்டாம் என்பவர்களுக்குக் கேமராவில் விழாத ஒரு பக்கத்தை ஒதுக்கி வாசலில் எழுதிப் போடுங்கள்.

ஞாயிறுபூசை

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு வரி. எங்களுக்கு டிவியில் திருப்பலி பார்ப்பது ஞாயிறு கடமையை நிறைவேற்றியதாகாது, ஆனால் நோயாளிக்கு அந்தக் கடமையே கிடையாது. அதனால் அவர்கள் பார்ப்பது கடமைக்காக இல்லை, ஆசைக்காக. அசிசி நகரப் புனித கிளாரா நோயில் படுத்திருந்தபோது போக முடியாத திருப்பலியைத் தன் அறையிலேயே கண்டும் கேட்டும் இருந்தார் என்பது மரபு, அதை வைத்துத்தான் 12-ஆம் பயஸ் 1958-இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலர் ஆக்கினார். உங்கள் மூப்பருக்கு இது எடுபடாது, தெரியும். சும்மா சொன்னேன்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களை மறக்காதீர்கள். சாதாரண போனில் எண்ணை அழுத்திக் கேட்கிற கான்ஃபரன்ஸ் லைன் ஒன்று வைக்கலாம். 1895-இலிருந்து 1925 வரை லண்டனில் எலக்ட்ரோஃபோன் என்று ஒரு சேவை இருந்தது, சந்தா கட்டினால் ஆலய ஆராதனையைத் தொலைபேசி வழியாக வீட்டில் கேட்கலாம். படமே இல்லாமல் 30 வருஷம் ஓடியிருக்கிறது.

கடைசிவரிசை

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன். கேமரா வாங்கவில்லை, கமிட்டியில் ஒருவருக்கு மட்டும் வருத்தம். பழைய போனைக் கேமராவாக வைத்து, மிக்சரின் ஆக்ஸிலிருந்து சத்தம் எடுத்து, பட்டியலிடப்படாத லிங்க்கில் இரண்டு ஞாயிறு ஓடியிருக்கிறது. முதல் வாரம் பிரசங்கம் முழுக்க ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்தில் இருந்தது, எனக்குத் தெரியவே தெரியாது, படம் அருமையாக வந்துகொண்டிருந்தது. இப்போது ஹெட்போனைக் கழற்றுவதில்லை.

9 பேரில் 7 பேர் வீட்டுக்குப் போய் டிவியில் வைத்துக் கொடுத்தாயிற்று. கூட வந்தது யார் தெரியுமா, அந்த மூப்பர்தான். வீடுகளில் நான் ரிமோட்டோடு மல்லுக்கட்டினேன், அவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார், கிளம்புவதற்குள் எனக்குத்தான் பசி எடுத்துவிடும். லைவ் பற்றி அவர் கருத்து மாறிவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

மிக்சர்மேசை, ஒரு சந்தேகம். சபையாரை நோக்கி வைத்த மைக்கில் மின்விசிறி இன்னும் கேட்கிறது. மைக்கை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா?

மிக்சர்மேசை

இடத்தை. விசிறிக்குக் கீழே வைத்திருப்பீர்கள். இரண்டு விசிறிக்கு நடுவில், சபையாருக்குக் கொஞ்சம் கிட்டே இறக்கி வையுங்கள். மிக்சரில் லோ கட் (அடித்தொனி இரைச்சலைக் குறைக்கும்) பொத்தான் இருந்தால் அந்த மைக்கின் சானலுக்கு மட்டும் அழுத்துங்கள். அப்படியும் கேட்டால் சானலின் படத்தை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.