வெள்ளப் பரப்பு வரைபடத் தளம்: படிவம் அனுப்புவதா, ஆற்றங்கரைக்குப் போவதா?

வரைபடக்காரி (நாகர்கோவில்) கேட்கிறார்:

வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து குமரி மாவட்டத்துக்கென ஓர் இணைய வரைபடத் தளம் செய்யத் தொடங்கியிருக்கிறோம். கோதையாறு, பரளியாறு, குழித்துறைத் தாமிரபரணி, வள்ளியாறு, பழையாறு ஆகியவை பெருகினால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று புல எண் (சர்வே எண்) வாரியாகக் காட்ட வேண்டும். கணினி வேலை ஓரளவு கைக்கு வந்துவிட்டது. யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

குழுவில் ஒருவர் படிவம் தயாரித்திருக்கிறார். 'வெள்ளத்தின் ஆழம் தெரிய வேண்டுமா? ஆம் / இல்லை.' யார்தான் 'இல்லை' என்பார்கள்? எல்லாரும் எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடுவார்கள். நாங்களும் எல்லாவற்றையும் ஒரே திரையில் அடைப்போம், கடைசியில் எவருக்கும் ஒன்றும் விளங்காது. நேரில் போய்க் கேட்போம் என்பது என் கட்சி. ஆனால் யாரிடம்? கிராம நிர்வாக அலுவலர், தீயணைப்பு நிலையம், வாழை போட்டவர்கள், வீட்டுமனை வாங்குகிறவர்கள் என்று பட்டியல் நீளுகிறது. என் மாமாவுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டுமாம்: திருவனந்தபுரம் ரயில் ஓடுமா, ஓடாதா? சிரிக்க முடியவில்லை. 2021 நவம்பர் மழையில் அந்தத் தடத்தில் மண் சரிந்து ரயில்கள் நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

முதலில் யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்? வெள்ளத்தில் மாட்டியவர்கள் சொன்னால் நல்லது.

ஏத்தன் தோட்டம் (குழித்துறை பக்கம்):

தங்கச்சி, ஆற்றங்கரையில் ஏத்தவாழை போட்டிருக்கிறேன். அணை திறக்கும்போது வினாடிக்கு இத்தனை கன அடி, கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும் என்று அறிவிப்பு வரும். அந்தக் கன அடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எங்கள் படித்துறையில் எத்தனையாவது படி முங்கும், எத்தனை மணிக்கு முங்கும் என்பதைச் சொல்லுங்கள். மோட்டாரைக் கழற்றவும் மாட்டை மேட்டில் கட்டவும் அது போதும்.

இன்னொன்று. தண்ணீர் வருவதைவிட நிற்பதுதான் எனக்குப் பயம். ஏறிய வேகத்தில் வடிந்தால் வண்டலைப் போட்டுவிட்டுப் போகும், வாழைக்கு நல்லதுதான். நாள்கணக்கில் கட்டி நின்றால் வேர் அழுகும். ஓணத்துக்கென்று வைத்திருக்கும் குலையை முற்றுவதற்கு முன்பே வெட்டி விற்பதா, பொறுப்பதா என்பது அதை வைத்துத்தான். உங்கள் நீல நிறம் எத்தனை நாள் நிற்கும் என்று காட்டுமா? ஆழத்தை மீட்டரில் போடாமல் முழங்கால், இடுப்பு, கழுத்து என்று போட்டால் என் அம்மாவுக்கும் புரியும்.

மறுகால் (ஓய்வு, பாசனப் பணி):

மகளே, படிவத்தைத் தூக்கிப் போடுங்கள். 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்றும் கேட்க வேண்டாம். இல்லாத பொருளைப் பற்றி யாரால் சொல்ல முடியும்? 'போன வெள்ளத்தில் என்ன செய்தீர்கள்' என்று கேளுங்கள். யார் சொல்லித் தெரிந்தது, எந்த வழியாக வெளியேறினீர்கள், எதை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள், சுவரில் எதுவரை கறை. அந்தக் கறையை நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆண்டைக் கேட்டால் தடுமாறுவார்கள். மூத்தவளுக்குக் கல்யாணமான ஆடியில் என்பார்கள், அதை வைத்துக் கணக்குப் போடலாம்.

நிலமட்டத்துக்கு என்ன தரவு வைத்திருக்கிறீர்கள்? இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் செயற்கைக்கோள் தரவு என்றால் கவனம். அதன் ரேடார் தரையை மட்டும் பார்ப்பதில்லை, மரத்தின் தலையையும் சேர்த்துப் பார்க்கும். நம் ஊரில் எங்கே திரும்பினாலும் தென்னையும் ரப்பரும். திறந்து கிடக்கும் வயல் ஏலா பள்ளமாகவும், அதே மட்டத்திலுள்ள தென்னந்தோப்பு மேடாகவும் தெரியும். தோப்புக்குள் வீடு வைத்திருப்பவரிடம் 'உங்களுக்கு வெள்ளம் வராது' என்று உங்கள் தளம் சொல்லிவிடும்.

குளத்துக் கரையும் அதில் தெரியாது, ஏனென்றால் அதன் அகலமே சில மீட்டர்தான். இந்த மாவட்டத்தில் பாதி வெள்ளம் ஆற்றால் வருவதில்லை. மேலே ஒரு குளம் நிரம்பி மறுகால் பாயும், அந்தத் தண்ணீர் அடுத்த குளத்தில் விழும், இடையில் ஓடை தூர்ந்திருந்தால் தெருவில் ஏறும். ரயில் பாதை, நான்கு வழிச்சாலை என்று மண்மேடு போட்ட இடங்களில் பாலக்கண் போதாமல் ஒரு பக்கம் தேங்கும். அணைக்குக் கீழே ஆறு, கடலோரத்தில் பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். பொழிமுகத்தில் மணல் அடைத்திருந்தால் மழை விட்ட பிறகும் தண்ணீர் இறங்காது. வாழைக்காரர் கேட்ட 'எத்தனை நாள்' என்பதற்குப் பாதிப் பதில் கடற்கரையில் இருக்கிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மடை திறந்து அடைக்கிறவர்களை. எந்தக் கரை எங்கே கசியும் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தக் கோப்பிலும் அது இருக்காது. பிறகு திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகம் போய் நில்லுங்கள். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கோதையாற்றிலும் பெருஞ்சாணி அணைத் தண்ணீர் பரளியாற்றிலும் வந்து அங்கேதான் சேருகின்றன. ஒன்று திறந்தால் ஒரு கணக்கு, இரண்டும் திறந்தால் வேறு கணக்கு. அணை மட்டத்தை நம் ஆட்கள் அடியில்தான் பேசுவார்கள், நிரம்பினால் பேச்சிப்பாறை 48, பெருஞ்சாணி 77 என்று. தளத்திலும் அடியே இருக்கட்டும்.

முகாம் அடுக்களை (மகளிர் குழு):

அக்கா, ஒக்கி புயல் 2017 நவம்பர் 30 அன்று அடித்த பிறகு எங்கள் ஊரில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, கைப்பேசிக்குக் கோபுரமும் இல்லை. அந்த நேரத்தில் உங்கள் இணையத் தளத்தை யார் திறப்பார்கள்? வார்டு வாரியாக ஒரு தாளில் அச்சடித்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டும்படி செய்து கொடுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றி ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தாளில் இருக்க வேண்டியது: முகாம் வைக்கும் பள்ளிக்கூடம், அதற்குப் போகும் வழி முங்குமா, முங்கினால் மாற்று வழி. பள்ளி மேட்டில் இருந்து என்ன பயன், போகிற வழியிலுள்ள சப்பாத்து (தரைப்பாலம்) முதல் மணி நேரத்திலேயே முங்கிவிட்டால்? நாங்கள் நூறு பேருக்குக் கஞ்சி வைத்துவிட்டு ஆள் வராமல் உட்கார்ந்திருக்கிறோம். படுக்கையில் கிடப்பவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள் எந்த வீட்டில் என்ற பட்டியல் எங்களிடம் உண்டு. அதை மட்டும் இணையத்தில் போட்டுவிடாதீர்கள்.

ஏழு சென்ட்:

புல எண் வாரியாகக் காட்டுவது சரியல்ல. ஆயுள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியிருக்கிறேன். நாளைக்கு நீங்கள் நீலம் பூசினால் யார் வாங்குவார்கள்? வங்கி கடன் கொடுக்குமா? நீங்கள் அரசா?

வரைபடக்காரி:

ஏழு சென்ட் அண்ணாச்சி, கோபம் நியாயம். நாங்கள் அரசு அல்ல. வெள்ளச் சமவெளியை மண்டலமாகப் பிரிக்க மாதிரிச் சட்ட வரைவை மத்திய நீர் ஆணையம் 1975இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் போன்ற ஒரு சில மாநிலங்கள்தான் சட்டமாக்கின. எங்கள் வரைபடத்துக்குச் சட்ட மதிப்பு கிடையாது, அதை முகப்பிலேயே எழுதுவோம். மறுகால் ஐயா சொன்ன தரவுக் குறையை வைத்துக்கொண்டு புல எண் அளவில் கோடு போடுவது பொய்த் துல்லியம் என்பதும் சரி. அளந்த கறை இருக்கும் இடத்தில் மட்டும் நெருக்கிக் காட்டுவோம், மற்ற இடங்களில் ஊர் அளவில் நிறுத்துவோம்.

ஆனால் மறைக்கவும் மனம் வரவில்லை. ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் என்றால் சின்னதாகத் தோன்றும். 30 ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு முறையாவது அது வர 26 சதவீத வாய்ப்பு. உங்களுக்கு விற்றவர் இதைச் சொல்லியிருந்தால் விலை பேசியிருப்பீர்கள், அல்லது அடித்தளத்தை உயர்த்தியிருப்பீர்கள். உங்களையும் நேரில் பார்க்க விரும்புகிறேன், வாங்கும்போது யாரிடம் என்ன விசாரித்தீர்கள் என்று கேட்க.

படிவத்தைக் கைவிட்டாயிற்று, நண்பர் முகம் தூக்கிக்கொண்டிருக்கிறார். மடைக்காரர்களிடமிருந்து தொடங்குகிறோம். தாள் வரைபடம் முதலில், தளம் அடுத்து. பொழிமுகம் பற்றிக் கடற்கரையில் யாரைப் பார்க்கலாம்?

கரைமடி (தேங்காப்பட்டணம் பக்கம்):

இங்கே வாருங்கள். மேற்குக் கரை விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போது ஆழ்கடல் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள், மழையும் இருக்கும், பொழியில் என்ன நடக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். காலையில் வராதீர்கள், வலை பின்னும் நேரமான மதியத்துக்கு மேல் வாருங்கள். அளக்கும் நாடா எங்களிடம் கிடையாது, கொண்டுவாருங்கள்.