கணக்கு அஞ்சாம் வகுப்புக்கு ரெடி, தமிழ் ரெண்டாம் வகுப்பில் நிற்கிறது. எப்படி நகர்த்துவது?

மாடித்தோட்டம்:

வீட்டுலயே படிக்கிற பையன், வயசு 9. பள்ளிக்கூடத்துல இருந்தா இப்ப நாலாம் வகுப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகப் புத்தகங்களைத்தான் வச்சிருக்கோம். கணக்குல நாலாம் வகுப்பு மூணு பருவமும் டிசம்பர்லயே முடிஞ்சிருச்சு. அஞ்சாம் வகுப்புப் புத்தகத்தை எடுன்னு அவனே கேட்கிறான். தமிழ் வாசிப்பு ரெண்டாம் வகுப்புப் பாடத்துலயே எழுத்துக்கூட்டி நிக்குது. ஆங்கிலம் வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கு. அறிவியல், சமூக அறிவியல் ரெண்டும் வாயால கேட்டா பதில் வருது, எழுதச் சொன்னா ரெண்டு வரிக்கு மேல போகலை.

என் சந்தேகம்: தமிழ் எட்டிப் பிடிக்கிற வரைக்கும் கணக்கை நிறுத்தி வைக்கணுமா? புத்தகம் முடிஞ்சதும் அடுத்த வகுப்புக்குப் போயிடலாமா, இல்ல வேற ஏதாவது பார்த்துத்தான் முடிவு பண்ணணுமா? சொந்தக்காரங்க "எந்தக் கிளாஸ்?"னு கேட்டா என்ன சொல்றதுன்னே தெரியலை. ஆறாம் வகுப்புல பள்ளியில சேர்க்கிற எண்ணமும் இருக்கு.

திண்ணை_வாத்தியார்:

கணக்கை நிறுத்த வேண்டாம். ஆனால் புத்தகம் முடிந்தது என்பதை மட்டும் வைத்து அஞ்சாம் வகுப்பைத் தொடங்கவும் வேண்டாம்.

காரணம் இதுதான். பாடத்தின் தலைப்பு "வகுத்தல்" என்று இருந்தால், கீழே வரும் பத்துக் கணக்கிலும் வகுக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். எந்தக் கணக்குக்கு எந்த முறை என்று யோசிக்கிற வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது. அதனால் பயிற்சி எல்லாம் சரியாக வரும், மூன்று வாரம் கழித்துக் கலந்து கேட்டால் தடுமாறும். முடிவு எடுக்க வேண்டியது அந்தக் கலந்த தேர்வைப் பார்த்துத்தான்.

கடைசிப் பாடம் முடிந்து இரண்டு வாரம் நாலாம் வகுப்புக் கணக்கைத் தொடாதீர்கள். பிறகு 20 கேள்வி எழுதுங்கள். மூன்று பருவத்திலிருந்தும் பத்துக் கருத்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி, வரிசையைக் கலைத்து. அதில் குறைந்தது 6 வாக்கியக் கணக்காக இருக்கட்டும். முன்கூட்டித் திருப்பிப் பார்க்க வேண்டாம், நடுவில் குறிப்பும் கொடுக்க வேண்டாம். நேரக் கெடு தேவையில்லை. 503 − 278 மாதிரி நடுவில் சுழியம் வரும் கழித்தல் கட்டாயம் இருக்கட்டும். 375 என்று விடை வந்தால் கடன் வாங்கும் முறை உட்காரவில்லை, ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம். 304 × 6, 612 ÷ 6 மாதிரியும் போடுங்கள். வாய்ப்பாட்டைத் தனியாகக் கேளுங்கள். 7 × 8-க்குப் பதில் இரண்டு மூன்று விநாடிக்குள் வர வேண்டும். விரல் விட்டு எண்ணினால் அஞ்சாம் வகுப்பில் பின்னங்களும் நீள்வகுத்தலும் வரும்போது மூச்சு வாங்கும்.

18 அல்லது அதற்கு மேல் வந்தால் தயங்காமல் அடுத்த புத்தகம். 14 முதல் 17 வரை வந்தால் எந்தக் கருத்தில் தப்பு என்று பார்த்து அதை மட்டும் சரி செய்யுங்கள், முழுப் புத்தகத்தையும் திரும்ப நடத்துவது வீண். அதற்கும் கீழே என்றால் வேகம் அதிகமாகிவிட்டது, கடைசிப் பருவத்தையாவது நிதானமாக மறுபடி எடுக்க வேண்டும்.

வேகத்தைப் பக்கக் கணக்கில் போடாதீர்கள். புத்தகத்தைப் புரட்டிப் புதுக் கருத்துகளை மட்டும் பட்டியல் எடுங்கள். 40 வந்தால், வாரத்துக்கு இரண்டு வீதம் 20 வாரம். வாரம் ஐந்து நாளில் நாலு நாள் புதுப் பாடம், ஒரு நாள் பழையது கலந்து. ஒவ்வொரு ஆறு வாரத்துக்கும் பிறகு ஒரு வாரத்தைக் காலியாக விடுங்கள். காய்ச்சல், கல்யாணம், திருவிழா எல்லாம் அதில் அடங்கும். அப்படியொரு வாரம் இல்லாத அட்டவணைதான் இரண்டாவது மாதமே கிழிந்துபோகிறது.

அரிச்சுவடி:

தமிழைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அவசரம் அங்கேதான் இருக்கிறது.

"ரெண்டாம் வகுப்பு அளவு" என்பது போதாது, எங்கே நிற்கிறான் என்று தெரிய வேண்டும். அவன் படிக்காத ஒரு ரெண்டாம் வகுப்புப் பத்தியில் 100 சொல் எண்ணி வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு நகலில் தப்புகளைக் குறியுங்கள். 5 தப்புக்குள் என்றால் அதை அவன் தனியாக வாசிக்கலாம். 6 முதல் 10 என்றால் உங்களோடு உட்கார்ந்து வாசிக்கச் சரியான அளவு. 10-க்கு மேல் போனால் ஒரு படி கீழே இறங்குங்கள். "வந்துகொண்டிருக்கிறான்" என்று இருப்பதை "வந்துக்கிட்டிருக்கான்" என்று வாசித்தால் அதைத் தப்பில் சேர்க்காதீர்கள். பொருள் புரிந்து பேச்சுத்தமிழில் சொல்கிறான், அது நல்ல அறிகுறி.

அடுத்து, குறித்த தப்புகளை வகை பிரியுங்கள். 216 உயிர்மெய்யிலும் ஒரே மாதிரி தடுமாறும் பிள்ளை அபூர்வம். பெரும்பாலும் உகர, ஊகார வரிசையில்தான் சிக்கல். கு, சு, டு, து, மு, று என்று குறி எல்லா எழுத்திலும் ஒரே மாதிரி இருக்காது, கூ, சூ, டூ, தூ, மூ, றூ அதைவிட. அல்லது கெ–கே, கொ–கோ. கொம்பு ஒற்றையா இரட்டையா என்று பார்க்காமல் போய்விடுவார்கள். இந்த எழுத்துகளை மட்டும் வரிசை கலைத்து அட்டையில் எழுதிக் கேளுங்கள். வரிசையாகச் சொல்லச் சொன்னால் பாட்டாக ஒப்பித்துவிடுவார்கள், அதை நம்ப வேண்டாம்.

தினமும் அரை மணி நேரம் ஒரே மூச்சில் வேண்டாம். காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம். ஒரே பத்தியை முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு சேர்ந்து, பிறகு அவன் தனியாக. மறுநாள் அதே பத்தி இன்னொரு முறை, பிறகுதான் புதிது. அன்று தடுமாறிய சொற்களிலிருந்து 5 சொல் மட்டும் சொல்வதெழுதுதல். ல, ள, ழ குழப்பத்தை இப்போதைக்கு விடுங்கள், அது வாசிப்பு பெருகப் பெருகச் சரியாகிற விஷயம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலேயே ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரே வகுப்பில் பல நிலை என்பது பள்ளியிலேயே நடக்கிற விஷயம். உங்கள் பையன் தமிழில் மொட்டாக இருந்தால் அந்த நிலைப் பயிற்சியைக் கொடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக அறிவியலையும் கதைகளையும் ரெண்டாம் வகுப்புக்கு இறக்குவது. அவற்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் புத்திக்கு ஒன்பது வயதுத் தீனி வேண்டும்.

கோடைமழை_72:

வெளியில் இருக்கிற கதவுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள், அவை வயதுப்படிதான் திறக்கும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 10-ஆம் வகுப்புக்கு நிகரான தேர்வுக்குப் பதிய 14 வயது முடிந்திருக்க வேண்டும், 12-க்கு 15. நீட் எழுத, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 நிறைய வேண்டும். இப்போதிருக்கும் வேகத்தில் எட்டு மாதத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம் என்று போனால், எட்டாம் வகுப்புப் புத்தகம் முடியும்போது அவனுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு வயதுதான் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பைத் தொடரலாம்தான், ஆனால் அந்த வயதில் நிரூபணமும் இயற்கணிதமும் எல்லாப் பிள்ளைக்கும் ஏறாது.

ஆகவே மேலே போவதோடு அகலமாகவும் போங்கள். அஞ்சாம் வகுப்புப் பின்னம் முடிந்ததும் உடனே ஆறாம் வகுப்புக்குத் தாவாமல், அதே பின்னத்தைச் சமையலறை அளவு, துணி அளவு, கடைக் கணக்கு என்று நாலு பக்கம் திருப்பிப் போடுங்கள். மாநிலப் புத்தகம் முடித்த கருத்தை மத்திய அரசின் என்.சி.ஈ.ஆர்.டி. புத்தகத்தில் வேறு கோணத்தில் செய்யலாம். 0.5 பெரிதா 0.35 பெரிதா என்று கேட்டால் 35-ஐப் பார்த்து ஏமாறாத அளவுக்குப் புரிதல் வந்த பிறகு அடுத்ததற்குப் போனால் போதும்.

அறிவியல், சமூக அறிவியலுக்கு வகுப்பு வரிசை அவ்வளவு முக்கியமில்லை. சோழர்களை எந்த வயதிலும் படிக்கலாம். கணக்கு, வாசிப்பு, எழுத்து மூன்றும்தான் படிப்படியாக ஏற வேண்டியவை.

பள்ளியில் சேர்ப்பது பற்றி: 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, இடையில் பள்ளிக்கு வரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தேவையான சிறப்புப் பயிற்சி தரச் சொல்கிறது. அதனால் ஆறாம் வகுப்பு வயதில் ஆறாம் வகுப்புதான், கணக்கில் எவ்வளவு முன்னே இருந்தாலும். சொந்தக்காரர்களுக்கும் அதையே சொல்லுங்கள்: "நாலாம் வகுப்பு." வயதுக்கான வகுப்பு அது, பொய்யில்லை. உங்கள் நோட்டில் மட்டும் பாடத்துக்கொரு நிலை இருக்கட்டும்.

பள்ளிக்குப் போவதென்றால் உண்மையில் இடிக்கப் போவது எழுத்து. வாயால் சொல்லும் பதிலை நீங்கள் எழுதி, அதைப் பார்த்து அவனை எழுத வையுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரி கூட்டுங்கள். ரெண்டு வரி மூன்றாகி, மூன்று நாலாகும். தமிழுக்கு இரட்டைக்கோடு நோட்டு, கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு. இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்காததால் வரும் தப்பு பாதி அதிலேயே போய்விடும்.

மாடித்தோட்டம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கலந்த தேர்வு வச்சேன், 20-க்கு 16. கழித்தல் சரியா வந்துது. தப்பானது இந்த நாலு: 304 × 6 = 1804, 407 × 8 = 3206, 612 ÷ 6 = 12, 816 ÷ 8 = 12. கவனக்குறைவுன்னு எடுத்துக்கலாமா?

திண்ணை_வாத்தியார்:

கவனக்குறைவு இல்லை. நாலும் ஒரே தப்பு: பத்துகள் இடத்துச் சுழியம். பெருக்கலில் 6 × 4 = 24, கையில் 2. அடுத்து 0 × 6 = 0 என்றதும் கையில் இருந்த 2-ஐ விட்டுவிடுகிறான். வகுத்தலில் 1-ல் 6 போகாது என்றதும் 0 எழுதாமல் 2-ஐ இறக்குகிறான். சுழியம் என்றால் அங்கே வேலை இல்லை என்று நினைக்கிறான்.

காகிதத்தில் 100, 10, 1 ரூபாய் நோட்டு வெட்டுங்கள். 612 ரூபாயை ஆறு பேருக்குப் பங்கு போடச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு நூறு. ஒரு பத்து ரூபாயை ஆறு பேருக்குப் பிரிக்க முடியாது, ஆகவே பத்துகள் இடத்தில் 0 எழுது. அதைச் சில்லறை மாற்றினால் மொத்தம் 12 ஒற்றை ரூபாய், ஆளுக்கு 2. ஒவ்வொரு படியிலும் நோட்டை நகர்த்திய கையோடு இலக்கத்தையும் எழுதட்டும். பெருக்கலுக்கும் அப்படியே, 304-ஐ ஆறு முறை அடுக்கி ஒற்றையை எல்லாம் பத்தாக மாற்றினால் அந்த 2 பத்து கண் முன்னால் கிடக்கும். தினம் மூன்று கணக்கு, ஐந்து நாள். கூடவே விடையை மதிப்பிடச் சொல்லுங்கள்: 600-ஐ ஆறாகப் பிரித்தாலே 100 வருகிறதே, 12 எப்படி வரும்?

அந்த வாரமே அஞ்சாம் வகுப்பு வடிவியலைத் தொடங்கிவிடலாம், அதற்கு இது தேவையில்லை. பத்து நாள் கழித்து 206 × 7, 508 × 6, 824 ÷ 8, 535 ÷ 5 கொடுங்கள். 1442, 3048, 103, 107 என்று நோட்டுக் கட்டு இல்லாமல் வந்தால் எண்கள் பாடத்தையும் தொடங்குங்கள். ஒன்று தவறினாலும் இன்னொரு வாரம் நோட்டுக் கட்டோடு.