மறுமொழி: நாடகத்துறையின் சீசனுக்குத் தமிழ்ச்சொல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். கேள்வி இதுதான்: அமெரிக்கப் பல்கலைக்கழக நாடகத்துறைகள் ஆண்டுதோறும் 'எங்கள் இந்த ஆண்டு சீசன்' என்று மாணவர் நாடகங்களை அறிவிக்கின்றனவே, அந்தச் சீசனைத் தமிழில் எப்படிச் சொல்வது?

> நாடகப் பருவம் என்றே வைத்துக்கொள்ளலாம். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் நம் கல்லூரிகளில் பருவம் என்றால் செமஸ்டர். பருவத் தேர்வு, பருவக் கட்டணம் என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. அங்கே ஒரு சீசன் செப்டம்பர் வாக்கில் தொடங்கி ஏப்ரல், மே வரை இரண்டு செமஸ்டர்களுக்கும் சேர்ந்து ஓடுவது. 'நாடகப் பருவத்தின் இரண்டாம் பருவத்தில்' என்று எழுதிப் பாருங்கள், படிக்கிறவர் தலையில் அடித்துக்கொள்வார்.

> நாடகத் தொடர்?

வேண்டாம். தொலைக்காட்சிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிறது.

> அரங்கேற்ற வரிசை?

வரிசை பிடித்திருக்கிறது, அரங்கேற்றம்தான் இடிக்கிறது. அரங்கேற்றம் முதல்முறைக்கு உரிய சொல். மாணவர்கள் போடும் ஷேக்ஸ்பியர் நாடகம் நானூறு ஆண்டுகளாக மேடையில் இருப்பது.

> சீசன் என்றே விட்டால் என்ன? மார்கழி சீசன் என்று சொல்கிறோமே?

பேச்சில் தாராளமாக. ஆனால் குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சீசன். மார்கழி பிறந்தால் சென்னை சபாக்களில் சீசன். வடமாவட்டக் கூத்து ஜமாக்களுக்கும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள் தொடங்கினால் சீசன். எல்லாமே நாள் வந்தால் வருவது. பல்கலைக்கழகச் சீசன் அப்படி வருவதில்லை, அதை ஒரு குழு உட்கார்ந்து சண்டை போட்டு உருவாக்குகிறது.

எப்படி என்று கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், சொல் எங்கே பிறக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. முந்தைய கல்வியாண்டிலேயே ஆசிரியர்களும், பல இடங்களில் மாணவர் பிரதிநிதிகளும் கூடி அடுத்த ஆண்டுக்கான நாடகங்களைத் தேர்வு செய்கிறார்கள். நல்ல நாடகமா என்பது பல கேள்விகளில் ஒன்று, அவ்வளவுதான். நடிப்பு மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் (பழைய நாடகங்களில் பெண் வேடங்கள் குறைவு, துறையிலோ மாணவிகள்தான் பெரும்பாலும் அதிகம்), எந்த மாணவருக்குப் பட்டம் முடிக்க ஒரு காட்சியமைப்பு வேலை தேவை, முதல் நாடகத்தின் மேடையைப் பிரித்து அடுத்ததற்கு மரவேலைக் கூடம் எப்போது கை வைக்க முடியும், நாடகத்தின் உரிமையாளருக்குத் தர வேண்டிய உரிமைத்தொகை எவ்வளவு என்று கணக்கு போய்க்கொண்டே இருக்கும். உரிமை வாங்குவது தனிக் கூத்து. ஒரு தொழில்முறைக் குழு அதே நாடகத்தோடு பக்கத்து ஊருக்கு வருவதாக இருந்தால் மாணவர்களுக்கு அனுமதி மறுக்கப்படலாம், அப்போது பட்டியலே கலைந்துபோகும். பாட்டு நிறைந்த இசை நாடகத்துக்கு டிக்கெட் விற்கும், ஆனால் செலவும் அதற்குத்தான் அதிகம். பக்கத்திலேயே ஒரு ஷேக்ஸ்பியரை வைத்தால் அதற்கு உரிமைத்தொகை கிடையாது. ஆக, ஒரு நாடகம் அந்த இடத்தில் இருப்பதற்கு அடுத்த நாடகமும் ஒரு காரணம்.

இப்போது யேல் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நாடகப் பள்ளி 2021-ல் திரைப்பட, இசைத்தட்டுத் தயாரிப்பாளர் டேவிட் கெஃபன் கொடுத்த 15 கோடி டாலருக்குப் பிறகு அவர் பெயரில் இயங்குகிறது, கல்விக் கட்டணமும் ரத்து செய்யப்பட்டுவிட்டது. அங்கே நாடக இயக்கம் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் பட்டத்துக்கான நாடகங்களைப் போடுவது பள்ளியின் சீசனில். 1966-ல் தொடங்கிய யேல் ரெப்பர்ட்டரி தியேட்டர் தொழில்முறைக் குழு, அதற்குத் தனிச் சீசன். அப்புறம் 1968 முதல் நடக்கும் யேல் கேபரே. நிலவறையில் சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே மாணவர்களே தேர்ந்தெடுத்து மாணவர்களே நடத்துவது, அதற்கும் தனிச் சீசன். ஒரே ஊர், ஒரே கல்வியாண்டு, மூன்று சீசன்கள்!

ஆங்கிலம் இங்கே இரண்டு பொருள்களை ஒரே சொல்லில் போட்டு அடைத்திருக்கிறது: நாடகங்கள் நடக்கும் கால அளவு ஒன்று, அதற்குள் போடத் தேர்ந்தெடுத்த நாடகங்களின் அணிவகுப்பு இன்னொன்று. ஜெர்மன்காரர்கள் முன்னதை ஷ்பீல்ட்சைட் என்றும் பின்னதை ஷ்பீல்பிளான் என்றும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் ஒற்றைச் சொல்லுக்காக மல்லுக்கட்ட வேண்டும்?

காலத்துக்கு அரங்காண்டு. கல்வியாண்டும் நிதியாண்டும் ஜனவரியில் தொடங்குவதில்லை, யாரும் குழம்புவதுமில்லை.

நாடகங்களின் தொகுப்புக்கு நாடகநிரல். நிரல் என்றால் அதை புரோகிராமுக்கு வைத்திருக்கும் கணினிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று இழையில் ஒருவர் போன மடலிலேயே எச்சரித்திருந்தார். வரட்டும். நிகழ்ச்சி நிரல் அவர்களுக்கு முன்பே புழக்கத்தில் இருக்கிறது, நிரல்நிறை இலக்கணத்தில் அதைவிட முன்பே இருக்கிறது. ஒன்றையடுத்து ஒன்று ஒழுங்காக நிற்பது என்ற பொருள் அப்படியே பொருந்துகிறது. இசை நாடகங்கள் இதில் அடங்குமா என்ற ஐயம் தேவையில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் நாடகம் என்றாலே பாட்டுதான்.

> எங்கள் பக்கம் ஆற்றுகை என்ற சொல் நன்கு ஊன்றிவிட்டது. ஆற்றுகைக் காலம் என்று சொன்னால் என்ன?

நாடகத்தை மேடையில் நிகழ்த்துவதைக் குறிக்கும், மட்டக்களப்பு நண்பரின் இந்தச் சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை. ஆனால் ஆற்றுகைக் காலம் என்றதும் ஒரே நாடகம் எத்தனை நாள் மேடையில் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நம்மிடம் நல்ல சொல் இல்லை, 'ஓட்டம்' சினிமா வாடை அடிக்கிறது. அங்கே வைத்துக்கொள்ளலாமா? அதோடு, இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் என்று மேடையேற்றியதைப் பல்கலைக்கழகச் சீசனுக்கு முன்னோடியாக அந்த நண்பர் காட்டியிருக்கிறார். சாதனை என்ற அளவில் அது பெரியது, மறுப்பே இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் தனி முயற்சியாக வந்தது, ஓராண்டுக்குப் பல நாடகங்களை முன்கூட்டி அடுக்கி அறிவித்த ஏற்பாடு அல்ல. மாணவர் நாடகம் என்று எடுத்துக்காட்டலாம், நாடகநிரலுக்குச் சான்றாக வைக்க முடியாது.

மிச்சம் சில்லறை. கோடையில் மட்டும் நடப்பதற்கு அரங்காண்டு ஒத்துவராது, 'கோடை நாடகநிரல்' போதும். 'கோடை நாடக விழா' சென்னையில் வேறு, அது அடுத்தடுத்த நாள்களில் பல குழுக்கள் வந்து போடுவது. சீசன் டிக்கெட்டுக்கு நம் சபாக்கள் வாங்குகிற ஆண்டுச் சந்தா இருக்கிறது, புதிதாக ஒன்றும் வேண்டாம்.

வாக்கியத்தில் வைத்தால் இப்படி வரும்: 'வரும் அரங்காண்டுக்கான நாடகநிரலைத் துறை வெளியிட்டது. நிரலின் முதல் நாடகத்துக்கு ஆற்றுகைக் காலம் இரண்டு வாரம்.' வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள். ரெப்பர்ட்டரி என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்பதை இதே இழையில் இழுக்க வேண்டாம், அதற்குத் தனி மடல் போடுகிறேன்.