கிளவுட்பெர்ரிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நீலகிரியில் அதை வளர்க்க முடியுமா?

கேத்திப் பள்ளத்தாக்கு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பின்லாந்தில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் இந்த முறை ஊருக்கு வந்தபோது கிளவுட்பெர்ரி ஜாம் ஒரு சிறிய பாட்டில் கொண்டுவந்தாள். ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறம். நாக்கில் வைத்ததும் நல்ல புளிப்பு, அது அடங்கிய பிறகு தேன் வாடையோடு வரும் இனிப்பு, கடைசியில் பல்லுக்குத் தட்டுப்படும் கெட்டியான விதைகள். சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பழத்தின் மீது அங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பற்றைப் பற்றி அவள் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. தங்கள் குடும்பம் பழம் பறிக்கும் சதுப்பு எது என்பதைப் பக்கத்து வீட்டாரிடம்கூடச் சிலர் சொல்ல மாட்டார்களாம். பின்லாந்தின் 2 யூரோ நாணயத்தில் அந்தப் பழமும் இலையும்தான் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

என் கேள்விகள் இரண்டு. ஒரு காட்டுப் பழத்துக்கு இவ்வளவு மதிப்பு ஏற்படுவது அதன் சுவையாலா, அரிதாகக் கிடைப்பதாலா? அடுத்து, எங்கள் தேயிலைத் தோட்டத்து வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கும் மஞ்சள் முள்ளுப்பழம் பார்வைக்கு ஏறக்குறைய அதைப் போலவே இருக்கிறது. ஜனவரியில் இங்கேயும் புல்வெளி முழுவதும் உறைபனி வெள்ளையாகப் படிகிறது. அப்படியிருக்க, விதை வரவழைத்துக் கிளவுட்பெர்ரியை இங்கே வளர்க்க இயலுமா? வீட்டில் தங்கும் விருந்தினர்களுக்கு ஜாம் செய்து கொடுப்பவள் என்பதால் கேட்கிறேன்.

உதகைத் தாவரவியல் ஆசிரியர் (மறுமொழி)

வணக்கம் அம்மா. இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை சொல்லும்போதே முதல் கேள்விக்கான விடையில் பாதி வந்துவிடும்.

நீங்கள் கவனித்த ஒற்றுமை உண்மையானது. கிளவுட்பெர்ரி ரூபஸ் கமேமோரஸ். உங்கள் வேலியோரத்து மஞ்சள் பழம் ரூபஸ் எலிப்டிகஸ். ராஸ்பெர்ரி, பிளாக்பெர்ரி ஆகியவற்றையும் சேர்த்து இவை எல்லாம் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆயினும் வளரும் விதத்தில் இரண்டுக்கும் சிறிதும் பொருத்தமில்லை. நம்முடையது செம்மயிர் அடர்ந்த முள் தண்டுகளோடு ஆளுயரத்துக்கு மேல் வளைந்து படர்ந்து, கிளைக்குக் கிளை கொத்தாகக் காய்ப்பது. கிளவுட்பெர்ரி ஒரு சாண் உயரமே உள்ள, முள் இல்லாத சிறு செடி. ஒரு தண்டுக்கு ஒரு வெள்ளைப் பூ, அந்தப் பூவுக்கு ஒரே ஒரு பழம். அதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நிலத்தடித் தண்டு ஓடித்தான் அது பரவுகிறது என்பதால், கண்ணுக்கெட்டிய வரை பூத்துக் கிடக்கும் ஒரு பரப்பு முழுவதும் ஆண் செடியாகவே இருந்து ஒரு பழம்கூடக் கிடைக்காமல் போவதும் உண்டு. பெண் செடி இருந்தாலும், பூக்கும் நாட்களில் பனி விழுந்தால் பூ கருகிவிடும். விடாது மழை பெய்தால் மகரந்தம் சுமக்கும் ஈக்களும் தேனீக்களும் வெளியே வருவதில்லை. இத்தனையையும் கடந்து வந்த பழம்தான் உங்கள் பாட்டிலில் இருந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே படியும் உறைபனி காலை வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது, மண் உறைவதில்லை. அந்தச் செடியோ மாதக்கணக்கில் பனிப்போர்வைக்கு அடியில் உறங்கிப் பழகியது. மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கக்கூடியது, அந்த உறக்கம் இல்லாமல் அதற்கு அடுத்த பருவமே கிடையாது. வெளிச்சத்திலும் இதே வேறுபாடுதான். வடக்கே ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் ஜூன் மாதத்தில் சூரியன் மறைவதே இல்லை. குறுகிய கோடையில் பூத்துக் காய்த்துப் பழுக்க அந்த ஒளியே துணை செய்கிறது. உதகை இருப்பது 11 பாகை வடக்கில். நம்முடைய மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. 2,240 மீட்டர் உயரம் நமக்குக் குளிரைத் தருகிறதே ஒழிய, வடக்கின் குளிர்காலத்தையும் கோடையையும் தருவதில்லை.

மண் மட்டும் ஒருவேளை பொருந்தலாம் என்பது எனக்கு எப்போதும் ஆர்வமூட்டும் செய்தி. கிளவுட்பெர்ரி விரும்புவது அமிலத்தன்மை மிகுந்த பீட் மண். அதாவது, நீர் தேங்கிய இடத்தில் செடிகொடிகள் முழுதும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்த கரிய மண். அப்படிப்பட்ட படிவுகள் நம் பள்ளத்தாக்குச் சதுப்புகளிலும் உள்ளன. உதகைக்கு அருகில் சாண்டிநல்லாவில் எடுத்த பீட் மண்ணைக் கொண்டு 20,000 ஆண்டுகளுக்கும் முந்தைய பருவநிலையை ஆராய்ந்திருக்கிறார்கள். அத்தகைய சதுப்பைக் கிளறி ஓர் அயல்நாட்டுச் செடியை நடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

நார்வேயிலும் பின்லாந்திலுமே இதைப் பயிராக்கப் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். ‘ஃபியெல்குல்’ போன்ற பெண் ரகங்களும், ஒரே பூவில் இருபாலும் அமைந்த ‘நூபி’ என்ற ரகமும் உண்டு. அப்படியிருந்தும் சந்தைக்கு வரும் பழத்தில் மிகப்பெரும் பகுதி இன்றும் காட்டில் கையால் பறிப்பதுதான். விதை பல மாதங்கள் ஈரக் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். முளைத்த செடி பூக்க மேலும் பல ஆண்டுகள் ஆகும். இவை தவிர, 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். உறவினர் பெட்டியில் விதை வைத்துக் கொண்டுவருவது சட்டப்படி தவறு.

அந்தச் சட்டம் ஏன் தேவை என்பதற்கு உங்கள் வேலியோரத்துச் செடியே சாட்சி. நமக்கு இங்கே குழந்தைகள் பறித்துத் தின்னும் பழமாக இருக்கும் ரூபஸ் எலிப்டிகஸ், ஹவாய்த் தீவுகளுக்குப் போனபின் அங்குள்ள காடுகளை மூடிப் படர்ந்து, உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. நம் மலையின் கருப்பு முள்ளுப்பழமான ரூபஸ் நிவியஸ், கலாபகஸ் தீவுகளில் இதே தொல்லையைக் கொடுக்கிறது.

கொடைக்கானலிலிருந்து வடக்கே (மறுமொழி)

அக்கா, நான் கொடைக்கானலில் பிறந்து வளர்ந்து, இப்போது ஸ்வீடனின் வட பகுதியில் வசிக்கிறேன். ஐயா சொன்ன அறிவியலோடு, பறிக்கும் அனுபவத்தையும் சேர்த்தால்தான் உங்கள் முதல் கேள்விக்கு முழு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பழம் பழுக்கும் முறையே வேறு. காய் நல்ல சிவப்பாக, கல்லைப் போல் இருக்கும். பழுக்கப் பழுக்கச் சிவப்பு வடிந்து பொன்னிறமாகும். காயாக இருக்கும்போது புல்லிதழ்கள் அதை இறுக மூடியிருக்கும். பழுத்ததும் அவை பின்னோக்கி விரிந்துவிடும், விரலால் மெல்லத் தொட்டாலே பழம் கையோடு வந்துவிடும். இரண்டு நாள் முந்திப் போனால் காய், சில நாள் பிந்திப் போனால் கூழ். முழுப் பழமாகத் தொலைதூரம் கொண்டுசெல்லவே முடியாத அளவுக்கு அது மென்மையானது. ஆகவே ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும், முழங்கால் வரை பூட்ஸ் அணிந்து, கால் புதையும் சதுப்பில், முகத்தை மொய்க்கும் கொசுக்களுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்தவர்களுக்கே அந்தப் பழத்தைச் செடியிலிருந்து பறித்த நிலையில் சுவைக்க வாய்க்கும். வாளியின் அடி மறையவே வெகுநேரமாகும்.

அடுத்த காரணம், அது கெடாமல் இருப்பது. பழத்திலேயே இயற்கையாக பென்சோயிக் அமிலம் இருக்கிறது. நாம் ஊறுகாயிலும் ஜாமிலும் சேர்க்கும் அதே வகைப் பாதுகாப்புப் பொருள். அதனால் சர்க்கரை இல்லாமலேயே, தன் சாற்றில் மூழ்கியபடி குளிரான அறையில் பழம் மாதக்கணக்கில் நிற்கும். வைட்டமின் சி மிகுந்த பழம் என்பதால், பச்சைக் காய்கறி காணக் கிடைக்காத பழைய காலத்து நீண்ட குளிர்காலங்களில் ஸ்கர்வி நோய் வராமல் காத்தது. அங்குள்ளவர்கள் காட்டும் பற்றில் இந்த நன்றியும் கலந்திருப்பதாகவே நான் உணர்கிறேன். நார்வேயில் கிறிஸ்துமஸ் விருந்தின் முடிவில் இதை அடித்த க்ரீமோடு கலந்து பரிமாறுகிறார்கள். பின்லாந்தில் சூடாக்கிய ரொட்டிப் பாலாடைக்கட்டியின் மேல் ஊற்றித் தருகிறார்கள்.

இங்கே காட்டில் நடக்கவும் காட்டுப் பழம் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. நிலம் யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. பின்லாந்தில் பறித்து விற்றால் அந்த வருமானத்துக்கு வரியும் இல்லை. நார்வேயின் வட மாவட்டங்களில் மட்டும் கிளவுட்பெர்ரி விளையும் நிலத்துக்கு விதிவிலக்கு: நிலத்துக்காரர் பிறர் பறிப்பதைத் தடுக்கலாம், ஆனால் அங்கேயே நின்று தின்பதைத் தடுக்க முடியாது. ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்கிறேன். கடைக்கு வரும் காட்டுப் பழங்களில் பெரும்பங்கைப் பல ஆண்டுகளாகப் பறித்துவந்தவர்கள் கோடையில் தாய்லாந்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அவர்கள் கடன்பட்டு வந்து ஏமாற்றப்பட்ட வழக்குகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. தேயிலை பறிக்கும் கைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஜாம் பாட்டிலின் விலையில் இதுவும் தெரிய வேண்டும்.

கோத்தகிரி ஜெல்லி (மறுமொழி)

இருவரும் சொன்னதைப் படித்தபின் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வருடத்தில் சில நாட்கள் மட்டும் கிடைப்பது, தொலைவுக்கு அனுப்ப முடியாதது, குனிந்து பறித்தவருக்கே கிட்டுவது ஆகியவைதான் ஒரு பழத்துக்கு மதிப்பைத் தருகின்றன என்றால், அந்த மூன்றும் நம் தவிட்டுப் பழத்துக்கும் உண்டு. அதற்கு நாணயத்தில் இடம் வேண்டாம். நம் பிள்ளைகளின் நினைவிலாவது இடம் வேண்டும்.

தவிட்டுச் செடியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புல்வெளியும் சோலைக் காடும் சந்திக்கும் ஓரங்களில் இடுப்புயரம், சில இடங்களில் ஆளுயரம் வளரும் குற்றுச்செடி. இலையின் அடிப்புறம் வெளிறிய மயிர்ப்படலம். பூ விரியும்போது நல்ல ரோஜா நிறம், வாடும்போது வெளுத்துவிடும்; ஆகவே ஒரே செடியில் இரண்டு நிறப் பூக்கள் இருப்பது போல் தெரியும். பழம் கருநீலம் கலந்த ஊதா, மேலே மெல்லிய பஞ்சுத் தூசு, தலையில் கொய்யாவுக்கு இருப்பது போன்ற சிறு கிரீடம். அது கொய்யாவும் நாவலும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பிட்டால் உள்ளே ஊதா நிறச் சதை, நுண்ணிய விதைகள். இனிப்பு முதலில் வந்து, துவர்ப்பு பின்னால் நிற்கும். தின்றவரின் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஜெல்லிக்கு முக்கால் பங்கு நன்கு பழுத்ததும், கால் பங்கு செங்காயும் எடுத்துக்கொள்ளுங்கள். செங்காய் இல்லாவிட்டால் ஜெல்லி சரியாக உறையாது. பழம் மூழ்குமளவு தண்ணீர் விட்டு வேகவைத்து, மெல்லிய துணியில் கட்டி இரவு முழுவதும் தானாக வடிய விட வேண்டும். அவசரப்பட்டுப் பிழிந்தால் கலங்கிவிடும். வடிந்த சாற்றுக்குச் சம அளவு சர்க்கரையும் சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சினால், ஒயின் நிறத்தில் தெளிவாக வரும். மஞ்சள் முள்ளுப்பழத்தை இப்படிச் செய்யாதீர்கள். அதைச் சர்க்கரையோடு சிறிது நேரம் மட்டும் கொதிக்கவிட்டு இறக்கினால் போதும், நேரம் கூடினால் மணம் போய்விடும்.

ஊசிக்களா, விக்கிப் பழம், வெள்ளை நிறத்தில் பழுக்கும் காட்டு ஸ்ட்ராபெர்ரி என்று இன்னும் எத்தனையோ இங்கே உண்டு. அந்த ஸ்ட்ராபெர்ரிக்கு ஃபிரகாரியா நீல்கெரென்சிஸ் என்று நம் மலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஜப்பானியர்கள் அதைத் தோட்டத்து ஸ்ட்ராபெர்ரியோடு கலந்து, பீச் பழ மணம் கொண்ட ‘டோகுன்’ என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் அதன் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள்.

சீகை என்று நாம் சொல்லும் வாட்டில் மரமும், பைனும், மஞ்சள் பூப் பூக்கும் ஸ்காட்ச் புரூம் புதரும் புல்வெளியை விழுங்க விழுங்க, தவிட்டுச் செடி நிற்கும் ஓரங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தேயிலைக்கு நிலம் திருத்தியபோது போனது போக மீதமிருப்பதே அதுதான். இல்லாத ஒன்றை வரவழைப்பதைவிட இருப்பதை அடையாளம் காட்டுவது நமக்கு அவசரமான வேலை.

கேத்திப் பள்ளத்தாக்கு (மறுமொழி)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விதை வரவழைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஜாமுக்கும் ஜெல்லிக்கும் வேண்டிய பழத்தைக் காட்டோரத்தில் பறிக்கலாமா? தவிட்டுச் செடியை வீட்டில் வளர்க்க முடியுமா?

உதகைத் தாவரவியல் ஆசிரியர் (மறுமொழி)

முக்கூர்த்தி தேசியப் பூங்காவிலும், கொடைக்கானல் பக்கம் 2013இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயத்திலும், பிற காப்புக் காடுகளிலும் பறிக்கக் கூடாது. ஸ்வீடனில் இருப்பது போன்ற பொது உரிமை நமக்கு இல்லை. சிறு வனப் பொருள்களின் மீதான உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கும், தலைமுறைகளாகக் காட்டை நம்பி வாழ்வோருக்கும் அளித்திருக்கிறது, அது நியாயமானதும்கூட. உங்கள் சொந்த நிலத்திலும் வேலியிலும் உள்ளதைப் பறியுங்கள். அங்கும் அதிகாலையில் தனியே போகாதீர்கள். முட்புதருக்கு அப்பால் காட்டெருமை நிற்பது தெரியாது. எல்லாவற்றையும் பறித்துவிடவும் வேண்டாம். இந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத நீலகிரிச் சிரிப்பான் பறவை இந்தப் பழங்களை உண்பது. விதையைப் பரப்புவதும் அதைப் போன்ற பறவைகள்தான்.

தவிட்டு விதையிலிருந்தே எளிதாக வரும். நன்கு பழுத்த பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, சதையை அலசி, விதையை நிழலில் உலர்த்தி, சோலை மண்ணும் மணலும் கலந்த தட்டில் மேலாகத் தூவுங்கள், ஆழப் புதைக்காதீர்கள். சுண்ணாம்பு மட்டும் சேர்க்க வேண்டாம், அதற்கும் அமில மண்தான் பிடிக்கும். நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து நட்டுவிட்டால், பிறகு அதிகக் கவனிப்பு தேவைப்படாது.